கடலுக்கு ஒரு நாள்

“படகுன்னா பஸ்ஸுன்னு நெனச்சிட்டியாம்மா?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது அவர் கையில் இருந்தது, நான் மூன்று ராத்திரி கண் விழித்துத் தயாரித்த அந்தமான் பிரயாணத் திட்டம். பையனுடைய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, ஆறு நாளுக்கு ஆறு கட்டம் போட்டு, பச்சை ஸ்கெட்சில் ஊர், சிவப்பில் படகு, நீலத்தில் சாப்பாடு என்று எழுதியிருந்தேன். வீட்டில் எல்லோரும் மெச்சப் போகிறார்கள் என்று காத்திருந்தவளுக்கு இந்தக் கேள்வி சுருக்கென்றுதான் இருந்தது.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். இவருக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்டு மாறி மாறி வரும். ராத்திரி ஷிப்டு வாரத்தில் பகலில் இவர் தூங்கும்போது, குழந்தைகள் இருவரும் பூனை மாதிரி நடப்பார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் நாங்கள் குடும்பத்தோடு போன இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். திருப்பதி, வேளாங்கண்ணி, பக்கத்திலேயே இருக்கும் சிறுவாபுரி, அப்புறம் மெரீனா!

சென்ற வருஷம் சீட்டு முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்தது. கிரைண்டர் ரொம்ப இரைச்சல் போடுகிறது, புதுசு வாங்கிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். பெண் “அந்தமான் போலாம்மா” என்றாள்.

“கடல் பார்க்கணும்னா பழவேற்காடு போலாமே, மத்தியானத்துக்குள்ள வீடு திரும்பிடலாம்” என்று இவர் சிரித்தார்.

“அது இல்லப்பா, நீலக் கடல்!” என்று அவள் ஒரே பிடிவாதம்.

எனக்குள் வேறொரு நினைப்பும் இருந்தது. அத்தையின் ஒரே தங்கை அங்கேதான் இருக்கிறார். அந்தச் சித்தியின் வீட்டுக்காரர் மேஸ்திரி வேலைக்காக போர்ட் பிளேர் போனவர். பிறகு நீல் தீவில் ஒரு சின்ன டிபன் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டார். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து இருபத்து மூன்று வருஷம். அத்தைக்கு அறுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி, ரத்த அழுத்த மாத்திரை. சித்திக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போடுவது? ஆனால் அத்தை வாய் திறந்து ‘என்னைக் கூட்டிப் போ’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

என் திட்டத்தில் அத்தையையும் சேர்த்திருந்தேன், சித்தியையும் சேர்த்திருந்தேன். எப்படித் தெரியுமா? முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி செல்லுலர் ஜெயிலும் ராஸ் தீவும். இரண்டாம் நாள் விடியற்காலையில் பாராடாங் சுண்ணாம்புக் குகை. மூன்றும் நான்கும் ஹாவ்லாக் தீவு. ஐந்தாம் நாள் காலைப் படகில் நீல் தீவு, அங்கே இரண்டு கடற்கரை, ‘2 முதல் 4 வரை சித்தி வீடு’, மாலைப் படகில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் காலை விமானம். ஒரு நிமிஷம் வீணில்லை!

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். ஐந்தாம் கட்டத்தில் விரல் நின்றது.

“சாயங்காலம் படகு வரலைன்னா?”

“வரும் அத்தே, டைம் போட்டிருக்காங்க.”

அப்போதுதான் அந்த பஸ் கேள்வி வந்தது. அத்தை பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரை. நம் நாட்டில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அதுதான். அந்தப் பக்கத்து உறவுக்காரர்களைப் பார்க்கப் படகில் போய் வந்து வளர்ந்தவர். “ஐப்பசி கார்த்திகையில காத்து ஏறிச்சுன்னா, கல்யாணத்துக்குப் போனவங்க மூணு நாள் அங்கயே கெடப்போம். ஏரிக்கே இந்தக் கதின்னா, அது கடல்மா. கடல்கிட்டப் போய் மணி பார்க்கலாமா?” என்றார். நோட்டை மூடி என்னிடம் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். குரல் மட்டும் தணிந்திருந்தது.

“ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கே. அழுதுட்டு எழுந்திருக்கவே அது சரியாப் போயிடும்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெயிலுக்கு மூன்று மணி நேரம், குகைக்கு ஒரு பகல், கூடப் பிறந்தவளுக்கு இரண்டு மணி நேரம்! அளந்து கொடுத்தவள் நான்தானே?

மறுநாள் புதுப் பக்கத்தில் புதிதாக ஆரம்பித்தேன். இந்தத் தடவை அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அப்போது புரிந்துகொண்டவற்றை, தீவுப் பிரயாணம் போக நினைக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, தீவுகளை எண்ணக் கூடாது, ராத்திரிகளை எண்ண வேண்டும். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் படகு என்னவோ ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, ஒரு மணி நேரம் முன்னால் துறைக்குப் போய், சீட்டும் ஆதாரும் காட்டி, பையைச் சோதிக்கக் கொடுத்து, இறங்கி, ஆட்டோ பிடித்து, அறை திறக்கக் காத்திருந்து... அரைப் பகல் போய்விடும். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் ஒரு தீவில் இரண்டு ராத்திரியாவது தங்கினால்தான் அங்கே போனதாக அர்த்தம். அதனால் பாராடாங் போயிற்று. ராஸ் தீவும் போயிற்று. பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாவது, போகும் வரிசை. போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து போர்ட் பிளேர் என்று முக்கோணமாகப் போனால், போன வழியே திரும்ப வேண்டியதில்லை. நீல் தீவுக்கு முதலில் போகலாமா என்று அத்தையைக் கேட்டேன். “வேணாம்மா. மொதல்ல பிள்ளைங்க ஆசையை முடிச்சுடு. நான் அவ வீட்ல உக்காந்தப்புறம் யாரும் என்னைக் கெளப்பக் கூடாது” என்று சிரித்தார்.

மூன்றாவதுதான் முக்கியம். கடைசித் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு நாளைச் சும்மா விட வேண்டும். கடல் கொந்தளித்தால் துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். நம் உயிருக்காகத்தான் நிறுத்துகிறார்கள், கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் விமானம் நமக்காகக் காத்திருக்காது. இது அந்தமானுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. கிரேக்க நாட்டில் தீவு தீவாகப் படகில் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஏஜியன் கடலில் கோடைக் காலத்தில் ‘மெல்டெமி’ என்ற வடகாற்று வீசும். அது பலத்தால் பெரிய படகுகளும் துறையைவிட்டு அசையாது. விவரம் தெரிந்தவர்கள் அங்கேயும் விமானத்துக்கு முதல் நாளே தலைநகர் ஏதென்ஸுக்குத் திரும்பிவிடுவார்களாம்.

இதற்கெல்லாம் ஆறு நாள் எட்டு நாளாயிற்று. இவருக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். தங்கும் செலவு வேறு. “சும்மா உக்கார ஒரு நாளா? அதுக்குக் காசா?” என்று இவர் முணுமுணுத்தார். கிரைண்டரை அடுத்த சீட்டுக்குத் தள்ளி வைத்தேன். புது நோட்டில் ஏழாவது கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டேன். பெண் எட்டிப் பார்த்து, “இது யாருக்கும்மா?” என்றாள். “கடலுக்கு” என்றார் அத்தை.

சென்னையிலிருந்து கப்பலிலும் போகலாம்தான். ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டர், மூன்று நாள் பிரயாணம். இவருடைய லீவுக்கு அது கட்டுப்படியாகாது என்று விமானத்தில் சீட்டு எடுத்தோம். விமானச் சீட்டு, படகுச் சீட்டு, அப்புறம் அறை என்ற வரிசையில் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. படகு கிடைக்காமல் அறை மட்டும் கிடைத்து என்ன பிரயோஜனம்? தீவுகளுக்கு இடையே அரசுப் படகும் உண்டு, தனியார் படகும் உண்டு. அரசுப் படகில் கட்டணம் ரொம்பக் குறைவு. இடம் கிடைப்பதுதான் நிச்சயமில்லை. வயசானவரை நம்பிக்கையில் கூட்டிப் போக முடியாது என்று தனியாரில் பதிவு செய்தோம்.

இன்னொரு குழப்பமும் வரும். 2018-இல் ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 2024-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சீட்டில் ஒன்றும் ஜனங்கள் வாயில் ஒன்றுமாக இருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டாம்.

எப்போது போவது என்பதில்தான் எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவ மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் அமைதி. ஆனால் பள்ளிக்கூடம் விட வேண்டுமே! அரையாண்டு விடுமுறைக்குத்தான் எல்லாம் ஒத்துவந்தது.

டாக்டரிடம் அத்தையைக் காட்டி, போகலாம் என்று கேட்டுக்கொண்டேன். மாத்திரைகளை எட்டு நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாளுக்கு வாங்கி, பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்தேன். கடல் மயக்கத்துக்கும் மாத்திரை கேட்டு வாங்கினேன். அதைப் படகு கிளம்பு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண் ‘அறை அசையவில்லை’ என்கிறது, காதின் உள்பகுதி ‘அசைகிறது’ என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பித்தான் குமட்டல் வருகிறதாம். அதனால் படகின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டில், முன்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பூரியும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாயில் அடக்கிக்கொள்ள இஞ்சி.

இவ்வளவும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு, முதல் படகில் வாந்தி எடுத்தவள் நான் ஒருத்திதான்! அவரவர் மாத்திரையைக் கொடுத்தவள் என்னுடையதைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். நாம் குடும்பத்துக்கு எல்லாம் பார்ப்போம், நமக்கு மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டோம், இல்லையா? அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே, ஜன்னல் வழியாக அலையை ரசித்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் செல்லுலர் ஜெயில் பார்த்தோம். 1896-இல் ஆரம்பித்து 1906-இல் கட்டி முடித்தது. நட்சத்திர மீன் மாதிரி ஏழு கட்டடங்கள் இருந்ததில், இப்போது நிற்பவை மூன்று. ஒருவருக்கு ஒரு கொட்டடி. எதிரே தெரிவது அடுத்த கட்டடத்தின் முதுகுதான், மனித முகமே தெரியாது. “கூடப் பொறந்தவன் பக்கத்திலயே இருந்தாக்கூடத் தெரியாதே!” என்று அத்தை பெருமூச்சு விட்டார்.

ஹாவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையைப் பார்த்ததும் பெண் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அவள் கேட்ட அதே நீலம். இந்தத் தீவுகளில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றினார்களாம். ஹாவ்லாக்கில் ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர். நீல் தீவிலோ ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். ஒரு தீவு பாகவதம், ஒரு தீவு ராமாயணம்!

அங்கே கடிகாரம் நம் கடிகாரம்தான். ஆனால் தீவுகள் ரொம்பக் கிழக்கே இருப்பதால் சூரியன் முந்திக்கொள்கிறான். டிசம்பரில் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் விளக்கேற்ற வேண்டியதுதான். குழந்தைகளோடு சுற்றுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கும் முன் எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். சில பக்கங்களில் முதலை உண்டு. பவளத் துண்டை ஆசையாகப் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது, சட்ட விரோதம். பையன் சட்டைப் பையை விமான நிலையத்துக்கு முன்பே நான் சோதித்துவிட்டேன்.

நான்காம் நாள் நீல் தீவுத் துறையில் சித்தி நின்றிருந்தார். அத்தை படகிலிருந்து இறங்க இவர் கை கொடுத்தார். நான் நினைத்த மாதிரி கட்டிப் பிடித்து அழுகையெல்லாம் இல்லை. “வந்தியா?” “வந்தேன்.” “கால் எப்படியிருக்கு?” “இருக்கு.” அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இரண்டு நாளும் அத்தை அங்கே விருந்தாளி மாதிரிதான் இருந்தார். சித்தி மீன் குழம்பு வைப்பார். அத்தை “நல்லாயிருக்கு” என்பார். அந்தச் சின்னத் தீவில் காய்கறி அபாரமாக விளைகிறது. சித்தி கொல்லையைச் சுற்றிக் காட்டுவார், அத்தை தலையாட்டுவார். நாங்கள் பரத்பூர் கடற்கரைக்கும் லக்ஷ்மண்பூருக்கும் போய் வந்தோம். ஆறாம் நாள் மத்தியானம் படகு.

விடியற்காலையிலேயே காற்று மாறிவிட்டது. தென்னை மரங்கள் தலைவிரித்து ஆடின. தாழ்வு மண்டலமாம். பத்து மணிக்குத் துறையில், இன்று படகு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த புதுத் தம்பதி அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மறுநாள் காலை விமானம். அந்தப் பெண்ணின் முகம் என் பழைய நோட்டின் ஐந்தாம் கட்டத்தை ஞாபகப்படுத்தியது. இவர் என்னைப் பார்த்தார். சும்மா உட்கார ஒரு நாளா என்று கேட்டவர், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

சித்தி வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டியது. கடை திறக்கவில்லை. கரண்டும் இல்லை. அக்காவும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அத்தையின் குரல் உயர்ந்தது.

“அம்மா போனப்ப நீ வரலை. மூணு நாள் உன் பேரைச் சொல்லித்தான் கெடந்தாங்க.”

பதினாறு வருஷமாக உள்ளே வைத்திருந்த வார்த்தை. நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன்.

“கப்பல் பத்து நாள் கழிச்சுத்தான்னாங்க. பிளேனுக்குக் காசு ஏது? துறையில போய் மூணு நாள் உக்காந்திருந்தேன்கா. யாராவது எடம் கொடுப்பாங்களான்னு. உனக்கு அது தெரியுமா?”

அத்தைக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது? அப்புறம்தான் நான் முதல் நாளே எதிர்பார்த்த அழுகை வந்தது. நான் குழந்தைகளை அழைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால், அத்தை அடுப்படியில் உட்கார்ந்து, “புளி இவ்வளவு ஊத்தினா அம்மா கையில அடி வாங்கியிருப்பே” என்று அதட்டிக்கொண்டிருந்தார். சித்தி சிரித்துக்கொண்டிருந்தார். விருந்தாளி போய், அக்கா வந்துவிட்டார்!

இரண்டு மணி நேரத்தில் இது நடந்திருக்குமா? இரண்டு நாளில்கூட நடக்கவில்லையே! மூன்றாம் நாள்தான் மனசு திறந்தது. அந்த மூன்றாம் நாள், நான் ஒன்றும் எழுதாமல் விட்ட கட்டம்.

மறுநாள் பிற்பகல் காற்று தணிந்து படகு விட்டார்கள். மாலையில் போர்ட் பிளேர். அடுத்த நாள் காலை விமானம். சாயங்காலம் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி. சித்தி கட்டிக் கொடுத்த கத்தரிக்காயை மறுநாள் குழம்பு வைத்தேன். புளியை மட்டும் கொஞ்சமாகத்தான் ஊற்றினேன்.

கிரைண்டர் இன்னும் இரைச்சல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போகட்டும். போன வாரம் சித்தி போன் பண்ணினார். சித்திரை பிறந்ததும் கப்பலில் வருகிறாராம். ஒரு வெள்ளிக்கிழமை சென்னை வந்து சேருமாம். நான் காலண்டரில் வெள்ளிக்கிழமையை வட்டம் போடப் பேனாவை எடுத்தேன்.

“சனிக்கிழமைக்குப் போடும்மா” என்றார் அத்தை. “கடலுக்கு ஒரு நாள் விட்டு வை.”